செங்கோடண்ணன் குழு வாய்க்கால் ஊர் பார்த்தது

எங்கள் ஊரில் தறி ஓட்டுகிறவர்களில் மூன்று பேர் புது மிஷின் பார்க்க ஷாங்காய் போனார்கள். செங்கோடண்ணன், பொங்கியண்ணன், சென்னியப்பன். மூவரில் செங்கோடண்ணனுக்குத்தான் விவரம் அதிகம் என்பது ஊரார் முடிவு. அதை வைத்தே எங்கள் ஊரையும் எடைபோட்டுக்கொள்ளலாம்.

மிஷின் பார்த்தது போக ஒரு நாள் மிச்சமிருந்தது. தெருவுக்குப் பதில் வாய்க்கால் ஓடுகிற பழைய ஊர் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, காலையில் பஸ்ஸில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார்கள். கூட்டிப்போக லின் என்ற சீனத்துப் பெண் வந்தாள். புத்தகம் படித்தே தமிழ் கற்றவள்.

"அம்மிணி சொல்றத அப்படியே செய்யோணும். நம்ம புத்தியக் கலக்கப்படாது" என்று மற்ற இருவருக்கும் உத்தரவு போட்டார் செங்கோடண்ணன். கலக்குவதற்கு அதிகம் இல்லாததால் இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் லின் சொன்னாள்: "இங்கே அவசரம் வேண்டாம். ஆமை போல் நடந்து ரசியுங்கள்."

மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஆமைக்கு நாலு காலாச்சேங்ணா?" என்றான் சென்னியப்பன்.

செங்கோடண்ணன் யோசித்தார். "கைய ஊனுனா வேட்டி அழுக்காயிரும். வேகத்த மட்டும் எடுத்துக்குவோம்."

முதல் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. வழியில் ஒரு வாத்து இவர்களைத் தாண்டிப் போய், நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் படகு. "பாலம் வரும்போது தலை குனியுங்கள்" என்றாள் லின். குனிந்தார்கள். பாலம் போயிற்று. நிமிரும்படி யாரும் சொல்லவில்லை. கும்பிடுகிறார்களாக்கும் என்று லின்னும் பேசாமல் இருந்துவிட்டாள். சிவப்பு விளக்குகள், வெள்ளைச் சுவர் வீடுகள், கல்பாலங்கள் எல்லாம் இவர்கள் பிடரிக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு தூரம் வந்து இதையா பார்க்கிறோம் என்று செங்கோடண்ணனுக்கு உள்ளூர வருத்தம். ஆனால் தலைவர் குறை சொல்லலாமா?

"பலகை நல்ல பலகை" என்றார்.

"ஆணியும் நெருக்கமா அடிச்சிருக்கான்" என்றான் பொங்கியண்ணன்.

கரை சேர்ந்ததும் படகுக்காரர் கயிற்றை இவர்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சவாரிக்கு ஆள் கூப்பிடப் போனார். "நான் வரும் வரை கயிற்றை விடாதீர்கள்" என்று சொல்லி லின் தேநீர் வாங்கப் போனாள்.

படகுக்காரர்தான் முதலில் வந்தார். புது ஆட்களை ஏற்றிவிட்டுக் கயிற்றைக் கேட்டார். தரவில்லை. கத்தினார்.

"கெட்டியாப் பிடிக்கச் சொல்றாரு" என்றார் செங்கோடண்ணன்.

படகுக்காரர் கோபத்தில் துடுப்பை ஊன்றித் தள்ளினார். படகு போயிற்று. கயிறு போயிற்று. கயிற்றோடு மூவரும் தொபுக்கென்று தண்ணீருக்குள் போனார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போனவர்களைக் கரையெல்லாம் படம் பிடித்தது.

லின் கையில் தேநீரோடு ஓடி வந்தாள். "கயிற்றை விடுங்கள்! பேருந்து கிளம்பப் போகிறது!"

"விடச் சொல்றாங்கண்ணா" என்றான் பொங்கியண்ணன்.

"வந்தப்புறந்தானே விடோணும்? அம்மிணி இன்னும் கரைல ஓடிட்டிருக்காங்க, வந்தாங்களா?"

கடைசியில் படகுக்காரரே தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்துவிட்டார். மூவரும் கயிற்றோடு எதிர்க்கரையில் ஏறினார்கள்.

"ஏன் அந்தக் கரையில் ஏறினீர்கள்? இந்தக் கரைக்கு வாருங்கள்!" என்று லின் கத்தினாள்.

செங்கோடண்ணன் காலால் தரையை உதைத்துப் பார்த்தார். "இதுதானே இந்தக் கரை? அம்மிணி நிக்கறதல்லோ அந்தக் கரை?"

"அப்ப அம்மிணிதான் வழி தப்பிட்டாங்க" என்றான் சென்னியப்பன்.

செங்கோடண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. வெளிநாட்டில் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வருவதா? மூவரும் மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள். அதற்குள் லின் திரும்பிப் பாலத்தை நோக்கி ஓடியிருந்தாள்.

அவள் பாலம் ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்து நின்றபோது, இவர்கள் எதிரே, அவள் விட்டு வந்த கரையில், சொட்டச் சொட்ட ஏறிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

செங்கோடண்ணன் வாயருகே கை குவித்துக் கத்தினார்:

"அம்மிணி! மறுபடியும் அந்தக் கரைக்கே போயிட்டீங்களே!"