போஜன் தலையில ஒரு கூடை மண்ணு

"தோட்டத்துல கீழ்ப்படி சரிஞ்சு போயிருச்சு யோகேசு. கேரட்டோட, வேலியோட, மோட்டார் ஷெட்டோட."

விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆச்சு. மேல தோட்டத்துப் போஜனுக்கு இடுப்பு வரைக்கும் சேறு. ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால்ல இல்ல.

யோகேசு ஓடைத் தடுப்பணைக்குள்ள நின்னு வண்டல் வாரிட்டு இருந்தா. அதான் அவ வேலை. மலைச்சரிவுல யார் தோட்டத்துல இருந்து எது உருண்டு வந்தாலும் கடைசியா அவ கையிலதான் வந்து நிக்கும்.

அவளுக்கு இருபத்தெட்டு. அவருக்கு அம்பத்தாறு.

"வந்து சேந்துச்சு"ன்னா. "ஷெட் தகரத்தை அந்தப் பாறையில சாத்தி வெச்சிருக்கேன். செருப்பு மட்டும் இன்னும் வரல."

"போன மாசமே சொன்ன. அடுத்த மழைக்கு உங்க கீழ்ப்படி வந்துரும்னு. நான் சிரிச்சேன்."

"நல்லாவே சிரிச்சீங்க. மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு."

"எப்பிடித் தெரியும் உனக்கு?"

"போன வருசம் வரைக்கும் உங்க தோட்டத்துல இருந்து கறுப்பு மண்ணு வந்துச்சு. இந்த வருசம் செவப்பு வருது. மேல் மண்ணு தீந்துபோச்சு, அவ்வளவுதான்."

போஜன் கரையில உக்காந்துட்டாரு.

மூணு வருசத்துக்கு முன்னாடிதான் அவரு தேயிலையை வேரோட புடுங்கிட்டு கேரட் போட்டாரு. மழையும் முன்ன மாதிரி இல்ல. பத்து நாள் பெய்யிறதை ஒரே நாள்ல கொட்டிட்டுப் போகுது.

"இனிமே நீதான் என் குரு"ன்னாரு.

"குருவுக்கு மொதல்ல டீ."

ஓடினாரு. நிஜமாவே ஓடினாரு, அந்த ஒத்தைச் செருப்போட. ஃபிளாஸ்க்குல வாங்கிட்டு வந்தாரு.

"வெள்ளிக்கிழமை மறுபடி மழைங்கறாங்க. மிச்சம் இருக்கறது நடுப்படி, மேல்படி. நடுப்படிக்குக் கீழதான் என் வீடு. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ரெண்டு படியும் நிக்குமா நிக்காதா? அதை மட்டும் சொல்லு."

"மகளை உங்க தம்பி வீட்டுக்கு அனுப்புங்க. அதுக்கு குரு எதுக்கு?"

"அனுப்பிட்டுத்தான் இங்க வந்தேன்."

யோகேசு டீயை ஊதி ஊதிக் குடிச்சா. அப்புறம் ஒரு கூடை நெறைய வண்டலை அள்ளி அவரு முன்னாடி வெச்சா.

"உங்க மண்ணுதான். மேல்படியில கொட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"ஒரு லாரி மண்ணு போயிருக்கு. நீ ஒரு கூடை குடுக்கற."

"தலை ஒண்ணுதானே இருக்கு."

போஜன் முணுமுணுத்துக்கிட்டே தூக்கிட்டுப் போனாரு. அவரு திட்டுறது மேல போகப் போக சின்னதாகி, அப்புறம் கேக்கவே இல்ல.

ரொம்ப நேரம் கழிச்சு வந்தாரு. இப்ப முதுகுலயும் சேறு.

"கொட்டிட்டேன். இடுப்பு போச்சு. குருன்னு சொன்னது என் தப்பு."

"எப்பிடி ஏறினீங்க? பாத்திக்கு நடுவுல வாய்க்கா நேரா மேல வரைக்கும் போகுதே, அதுலயா?"

"அதுல ரெண்டடி வெச்சேன். வழுக்கி கூடையோட கீழ வந்துட்டேன்."

"அப்புறம்?"

"மறுபடி அள்ளிக்கிட்டு குறுக்கதான் போனேன். இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம், திரும்பி அங்கருந்து இங்க. சுமையை வெச்சுக்கிட்டு எவன் நேரா ஏறுவான்?"

யோகேசு ஃபிளாஸ்க் மூடியைக் கழுவினா.

போஜன் அவளையே பாத்தாரு.

"தெரியுது, நீ எங்க வரேன்னு. பாத்தியைக் குறுக்க போடுங்கற. எங்க ஊர்ல போட மாட்டாங்க யோகேசு. மேல ஒரு முளைக்குச்சி, கீழ ஒரு முளைக்குச்சி, நடுவுல கயிறு, நேரா. எங்கப்பாவும் அப்பிடித்தான் உருளைக்கிழங்கு போட்டாரு. குறுக்க போட்டா தண்ணி நின்னுரும். நின்னா கேரட் அழுகிரும்."

"நான் வாயே தொறக்கலையே."

"தொறக்காமலே பேசற."

"சரி, தொறக்கறேன். கூடையோட குறுக்க போனீங்கல்ல, எங்கயாவது நின்னீங்களா?"

"எப்பிடி நிக்கறது? நின்னா பாரம் அமுக்கிரும்."

"அப்ப ஓடினீங்களா?"

"ஓடறதா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா? துளி சாய்வாப் பாத்து, அடி மேல அடி வெச்சு, மெதுவா..."

போஜன் வெறுங்கூடையைப் பாத்தாரு.

மேல பாத்தாரு. தோட்டத்துல வாய்க்காலெல்லாம் நேரா, சீப்பு வெச்சு வாரின மாதிரி, அவரு வீட்டுக் கூரையைப் பாத்து இறங்கிட்டு இருந்துச்சு.

விரலால காத்துல குறுக்க ஒரு கோடு போட்டாரு, துளி சாய்வா.

அப்புறம் சடார்னு எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சாரு.

"எங்க போறீங்க?"

"முளைக்குச்சியைப் புடுங்க. வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு."

"விதைச்சு ஒம்பது நாள்தானே ஆச்சு. பாத்தியைக் கலைச்சா எல்லாம் போயிருமே."

"என் மக வீட்டுக்குத் திரும்பி வரணும்ல."

பத்தடி போயிருப்பாரு.

"வெறுந்தலையோடயா போறீங்க?"ன்னா யோகேசு.

போஜன் நின்னாரு. திரும்பி வந்தாரு. அவ முன்னாடி நின்னு தலையைக் குனிஞ்சாரு.

அவ அடுத்த கூடையைத் தூக்கி வெச்சா.