முத்திரை கட்டிய பாலம்

ஆறுகள் எல்லாம் இன்றைக்கு ஓடுகிற பக்கம் ஓடாத காலம் அது. அப்போது ஆனைமேடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் கோளரிவர்மர். கேளுங்கள் பிள்ளைகளே, பிள்ளைகளைத் தூங்க வைக்க வந்த பெரியவர்களும் கேளுங்கள்.

அந்த ராஜாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். கட்டளை ஓலையில் அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். சூடு ஆறுவதற்குள் அவர் தன் மோதிரத்தை அதில் அழுத்துவார். யானைமுகம் அச்சு அசலாய்ப் பதியும். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவார்.

அவருடைய பாட்டனார் காலத்தில், வேலை முடிந்த பிறகுதான் முத்திரை வைப்பார்கள். அப்பா காலத்தில் வேலை நடக்கும்போதே வைத்தார்கள். இவர் காலத்தில், வேலை எதற்கு, முத்திரை போதும் என்று ஆகிவிட்டது.

மோதிரம் பதிந்ததும் ஓலைகளைக் கவனிக்கும் அதிகாரி எழுந்து நிற்பார். அவருக்கு ஓலைநாயகம் என்று பெயர். "முத்திரை விழுந்தது" என்பார் அவர். சபையில் இருக்கிற அத்தனை பேரும் "முடிந்தது, முடிந்தது, முடிந்தது" என்று மூன்று தரம் சொல்வார்கள். அவ்வளவுதான். அந்த வேலை அந்த நிமிஷமே நடந்து முடிந்ததாகச் சட்டம். அதற்கு அப்புறம் அதே வேலையை யாராவது செய்யப் போனால், முத்திரையைப் பொய்யாக்கிய குற்றம். குற்றத்துக்குத் தூக்கு.

கிழக்கே ஒரு ஊர்க்காரர்கள் கிணறு கேட்டார்கள். முத்திரை விழுந்தது. அவர்கள் குடமும் கயிறுமாய்ப் பொட்டல் தரையில் போய் நின்று, தண்ணீர் தேனாய் இனிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மேற்கே சத்திரத்துக்குக் கூரை கேட்டார்கள். முத்திரை விழுந்தது. வழிப்போக்கர்கள் மழையில் நனைந்து, தும்மிக்கொண்டே கூரையைப் புகழ்ந்தார்கள். தெற்கே ஓடும் ஆற்றுக்குப் பாலம் கேட்டார்கள். முத்திரை விழுந்தது.

பாலத் திறப்பு விழா அமர்க்களமாய் நடந்தது. மந்திரிகள் வேட்டியை இடுப்புக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். நல்ல அகலமான பாலம் என்றார் ஒருவர். சேனாதிபதியின் இடுப்புக்கச்சைக்குள் ஒரு கெண்டை மீன் புகுந்துகொண்டது. மனிதர் முகம் கோணாமல் அக்கரை வரைக்கும் நடந்தார்.

பாலம்தான் வந்துவிட்டதே, இனிமேல் படகு எதற்கு? படகை நிறுத்து என்று உத்தரவு வந்தது. படகோட்டி சேந்தன் தன் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டான்.

சேந்தனின் பெண்டாட்டி மருதாயி. கைக்குழந்தைக்காரி. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கடையில் உப்புக் கேட்டால் கடைக்காரர் மூன்று தரம் "என்னம்மா?" என்பார். மூன்றாம் தரம் அவள் உப்பே வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவாள்.

ஐப்பசி மழையில் ஆறு பெருகியது. அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி இருப்பதோ இக்கரையில். அங்கேயிருந்து ஆட்கள் துண்டை வீசி வீசிக் கூப்பிட்டார்கள். சேந்தன் பெண்டாட்டியைப் பார்த்தான். மருதாயிக்குத் தான் பிள்ளை பெற்ற நாள் நினைவுக்கு வந்தது. "போயிட்டு வாங்க" என்றாள்.

அவன் படகை நிமிர்த்தினான். மருத்துவச்சி போனாள், பிள்ளை நல்லபடியாய்ப் பிறந்தது. மறுநாள் காவலர்கள் வந்து சேந்தனைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

மருதாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். போ என்று சொன்னது தன் வாய்தானே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

சபையில் குற்றத்தை வாசித்தார்கள். பாலம் இருக்கும் இடத்தில் படகு ஓட்டினானாம். பாலம் செய்து முடித்த வேலையை இவன் மறுபடி செய்தானாம். சொல்ல ஏதாவது உண்டா என்று ராஜா கேட்டார்.

"பாலத்துக்கு மேலே கழுத்தளவு தண்ணி போச்சு மகாராஜா" என்றான் சேந்தன்.

எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அரக்கைக் கொண்டுவா என்றார். ஓலையில் தூக்கு என்று எழுதினார்கள். மோதிரம் பதிந்தது.

"முத்திரை விழுந்தது" என்றார் ஓலைநாயகம்.

"முடிந்தது, முடிந்தது, முடிந்தது" என்றது சபை.

மருதாயி தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். காவலர்கள் சேந்தனின் கையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார்கள். அவள் எப்படித்தான் நடுச்சபைக்கு வந்தாளோ, அவளுக்கே தெரியாது.

"செத்தவரை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். "என்னம்மா?" என்றான் காவலன். மூன்றாம் தரம் கேட்டபோது குழந்தையும் சேர்ந்து வீறிட்டது. சபை அடங்கிப் போயிற்று.

"இன்னும் சாகலையே தாயி. இப்பத்தானே தூக்குமேடைக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"முத்திரை விழுந்துருச்சே அண்ணே. முடிஞ்சதுன்னு நீங்களும்தானே சொன்னீங்க. நான் பார்த்தேன், உங்க வாயும் அசைஞ்சுது."

காவலன் கொதிக்கிற பானையைத் தொட்டவன் மாதிரி கையை எடுத்துவிட்டான்.

ஓலைநாயகத்துக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, பாலம் வேற, தூக்கு வேற. ஆளு கண்ணு முன்னால உயிரோட நிக்கிறான்ல?"

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். தரையைப் பார்த்துதான் சொன்னாள். "பாலமுந்தான் கண்ணு முன்னால இல்ல சாமி. அதை நாங்க யாராச்சும் சொன்னோமா?"

பிறகு, கேட்டும் கேட்காமலும், இன்னும் கொஞ்சம் சொன்னாள். முத்திரை முடித்துவிட்ட வேலையைத் திரும்பச் செய்தார் என்றுதானே தன் புருஷனுக்குத் தூக்கு? இப்போது அவரை யார் தூக்கில் போட்டாலும் அதுவும் அதே குற்றம் ஆகாதா? அப்படித் தூக்கில் போட்ட ஆளை அப்புறம் யார் தூக்கில் போடுவார்கள்?

தூக்குக் கயிறு வைத்திருந்தவன் அதை மெதுவாகத் தரையில் வைத்தான். வீட்டில் பெண்டாட்டி தனியாக இருக்கிறாள் என்று முணுமுணுத்துவிட்டு நழுவப் பார்த்தான்.

ராஜா மோதிரத்தை விரலில் திருகித் திருகி உட்கார்ந்திருந்தார். அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் முத்திரை பொய். முத்திரை பொய் என்றால் கிணறும் கூரையும் பாலமும் சேர்ந்து பொய். செத்துவிட்டான் என்றால் அவன் தன்பாட்டுக்கு நடந்து வீட்டுக்குப் போவான். எந்தப் பக்கம் பார்த்தாலும் மானம் போகிற கதைதான்.

கடைசியில் தொண்டையைச் செருமினார். "தூக்கு முடிந்தது. பிணத்தை அதன் பெண்டாட்டியிடம் ஒப்படையுங்கள்" என்றார்.

பிணம் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டது. வழியில் பிணம்தான் குழந்தையை வாங்கிக்கொண்டது. "ஏ புள்ள, உனக்கு இவ்வளவு பேச வருமா?" என்று கேட்டது.

மறுநாள் சேந்தன் படகை நிமிர்த்தி ஆற்றில் தள்ளினான். காவலர்கள் ஓடிப்போய் ராஜாவிடம் சொன்னார்கள். அவனைப் பிடித்துத் தூக்கில் போடுங்கள் என்று ராஜா கத்தினார். ஏற்கெனவே போட்டாயிற்றே மகாராஜா என்றார் ஓலைநாயகம். படகு நிற்க வேண்டும் என்று புது ஓலை எழுதி முத்திரை வைத்தார்கள். "நின்றது, நின்றது, நின்றது" என்றது சபை. படகு போய்க்கொண்டே இருந்தது. நின்றுபோன படகை எவன் போய் நிறுத்துவான்?

ஊர் முழுக்கச் சிரிப்பு. செத்தவன் படகு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் படகை ஒழிக்க ராஜாவுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. நிஜமாகவே பாலம் கட்டுவது.

ஆனால் கட்டி முடித்த பாலத்தை எப்படிக் கட்டுவது? ஓலைநாயகம் இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் யோசித்து, அதற்கு மராமத்து என்று பெயர் வைத்தார். இந்தத் தரம் ஓலையும் இல்லை, அரக்கும் இல்லை. கல் வந்தது, சுண்ணாம்பு வந்தது, ஆள் வந்தார்கள். ராஜாவே குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்துப் பார்த்தார். வீம்புக்குக் கட்டிய பாலம்தான், இருந்தாலும் நல்ல உறுதியான பாலம்.

பாலம் திறந்த முதல் நாள் மருதாயி குழந்தையோடு அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போனாள், அந்த ஐப்பசியில் பிறந்த பிள்ளையைப் பார்க்க, பூண்டும் மிளகும் எடுத்துக்கொண்டு. அவளுடைய சேலை நுனிகூட நனையவில்லை.

முத்திரை வைத்ததால் மட்டும் ஒரு வேலை முடிந்துவிடாது, அதைச் செய்து முடித்தால்தான் முடியும் என்பதுதான், பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி.