பெட்டியில் போட்டிருந்த பேர்

"இந்த உலகத்துல ஒருத்தனும் உண்மையைச் சொல்லுததில்ல டீச்சர்" என்றார் பெர்க்மான்ஸ்.

சொல்லிவிட்டு ஒரு டாங்கிளை மேசையில் வைத்தார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி ஓட்டையில் செருகினால் வைஃபை பிடித்துத் தரும் சாமான். இது பிடிக்கவில்லை.

டீச்சர் என்பது ஜெனோவா. வயது முப்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் ரெண்டு வருஷம் பாடம் எடுத்ததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இப்போது தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில், படகுக்காரர்களின் ஜிபிஎஸ்ஸும் வாக்கிடாக்கியும் ரிப்பேர் பார்க்கிறாள்.

பெர்க்மான்ஸுக்கு ஐம்பத்தாறு. கப்பலில் இருபது வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்தவர். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடன். கம்ப்யூட்டர் தனக்கு வராது என்று ஒப்புக்கொண்டுதான் அவளிடம் வந்து சேர்ந்தார். அது ஒன்றைத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றபடி யார் என்ன சொன்னாலும் அவருக்குச் சந்தேகம். மீன்காரி தராசு மேல் சந்தேகம். பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தால் சந்தேகம். சாமியார் பூசையைச் சீக்கிரம் முடித்தால் அதிலும் சந்தேகம்.

மனுஷன் பிறக்கும்போதே அப்படி இல்லை, பாவம்.

போன ஆனியில் அவர் தம்பி கஸ்பார் கடலுக்குப் போனான். முந்தின நாள் சாயங்காலம் கரையில் நின்று, நாளைக்குக் காத்து இருக்காது, தைரியமாகப் போ என்று அவனிடம் சொன்னவன் ரெமிஜியுஸ். ஊர்க் கமிட்டிச் செயலாளர். மறுநாள் அடித்த காத்தில் படகு மட்டும் கரைக்கு வந்தது. கஸ்பார் மூன்றாம் நாள்தான் ஒதுங்கினான்.

அன்றைக்குக் காத்து அடிக்கும் என்று வானிலை அறிக்கையிலேயே போட்டிருந்தது என்பது பெர்க்மான்ஸுக்குப் பிறகு தெரிந்தது. அவ்வளவுதான். ரெமிஜியுஸுக்கும் கஸ்பாருக்கும் ஒரு வலை விஷயத்தில் மனஸ்தாபம் இருந்தது ஊருக்கே தெரியும். தெரிந்தே பொய் சொல்லி அனுப்பினான் என்று பெர்க்மான்ஸ் முடிவு கட்டினார். ஒரு வருஷமாக ரெமிஜியுஸோடு பேச்சு இல்லை. அவன் எதிரே வந்தால் இவர் வேறு தெருவில் போவார்.

அதற்கப்புறம்தான் இந்த வானிலை போர்டு.

மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய டிவி. அதன் பின்னால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். காத்து எவ்வளவு, அலை எவ்வளவு என்று நெட்டிலிருந்து அதுவே எடுத்துக் காட்டும். இனிமேல் எவன் வாயையும் நம்பி எவனும் கடலுக்குப் போக வேண்டாம். பெர்க்மான்ஸ் இதற்காகத்தான் ஆறு மாசமாக அலைகிறார்.

கம்ப்யூட்டரை ஒரு இன்ஜினியரிங் காலேஜ் சும்மா கொடுத்தது. அதன் ப்ராசஸர், லேப்டாப்பில் இருக்கும் வகையும் இல்லை, போனில் இருக்கும் வகையும் இல்லை. ரிஸ்க்-ஃபைவ் என்று புதுசு. அதில், விண்டோஸ் மாதிரியான லினக்ஸ் அழகாக ஓடியது. டிவியில் படம் வந்தது. வைஃபை மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க் கூட்டம். அதற்குள் ஓடாவிட்டால் டிவியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவார்கள்.

அன்றைக்குச் செவ்வாய்.

*

இது ரெண்டாவது டாங்கிள்.

முதல் டாங்கிளின் பெட்டியில் லினக்ஸில் வேலை செய்யும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூடவே ஒரு டிரைவர் கொடுத்தார்கள். டாங்கிளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற புரோகிராம் அது. கம்பெனி அதை லேப்டாப் ப்ராசஸருக்கு மட்டும் செய்து வைத்திருந்தது. இந்த ப்ராசஸருக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

அதனால் பெர்க்மான்ஸ் நெட்டில் தேடினார். இதே கம்ப்யூட்டரில் என்னென்ன டாங்கிள் ஓடும் என்று யார் யாரோ பட்டியல் போட்டிருந்தார்கள். போலந்து நாட்டுக்காரன் ஒருத்தன் ஒரு மாடலைச் சொல்லி, செருகினேன், உடனே ஓடியது என்று எழுதியிருந்தான். அதே பேர், அதே மாடல் நம்பர், பெட்டியில் அதே படம். பார்த்துப் பார்த்து வாங்கினார்.

செருகினார். ஓடவில்லை.

"அந்தப் போலந்துக்காரன் கமிஷன் வாங்கிட்டு எழுதுதான்" என்றார். "இல்லேன்னா கடைக்காரன் உள்ள சாமானை மாத்திட்டான்."

ஜெனோவா ஒரு வாக்கிடாக்கியின் முதுகைத் திறந்துகொண்டிருந்தாள்.

அவருக்கு அதோடு விட மனசு கேட்கவில்லை.

"அந்தக் கடைக்கு என்னைய அனுப்புனது நீங்கதான் டீச்சர்."

"ஆமா அண்ணாச்சி."

"உங்களுக்கு அங்க கமிஷன் எதும் உண்டோ?"

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எழுதுனவரைக் கேட்டீங்களா?"

"யாரை?"

"போலந்துக்காரரை."

"பொய் சொன்னவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

ஜெனோவா கீபோர்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

பெர்க்மான்ஸ் எழுதினார். ஏமாற்றுக்காரா என்று ஆரம்பித்து எட்டு வரி வந்தது. கப்பலில் கற்ற இங்கிலீஷ், அதில் சில வார்த்தைகளைப் பெண்பிள்ளை முன்னால் சொல்ல முடியாது. ஜெனோவா படித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் போட்டாள்.

உங்கள் டாங்கிளைச் செருகினால் என்ன நம்பர் காட்டுகிறது?

அது என்ன நம்பர் என்று அவர் கேட்டார். யூஎஸ்பியில் எதைச் செருகினாலும் அது முதலில் தன் நம்பரைச் சொல்லும், எட்டே எழுத்து, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் லினக்ஸ் பார்ப்பது அந்த நம்பரைத்தான் என்று அவள் சொன்னாள்.

அவன் பதில் போட மாட்டான் என்று பெர்க்மான்ஸ் சத்தியம் பண்ணாத குறை.

*

மறுநாளே பதில் வந்துவிட்டது.

நம்பர் இருந்தது. அதோடு ஒரு போட்டோ. அந்த ஆள் தன் டாங்கிளின் மூடியையே பெயர்த்து, உள்ளே இருக்கும் சிப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது என்றும், உங்களுடையது என்ன நம்பர் காட்டுகிறது, எனக்கும் தெரிந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தான்.

"இவ்வளவு தூரம் எதுக்கு மெனக்கெடுதான்?" என்றார் பெர்க்மான்ஸ். நல்லவனாக இருந்தாலும் தப்பிக்க முடியாது அவரிடம்.

ஜெனோவா அவருடைய டாங்கிளைச் செருகினாள். வேறு நம்பர் வந்தது.

ஒரு சின்னக் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பெர்க்மான்ஸ் மூடியைப் பெயர்த்தார். போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

உள்ளே வேறு சிப்.

"அப்ப கடைக்காரன்தான் மாத்திருக்கான்."

ஜெனோவா பெட்டியைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் காட்டினாள். கோடு கோடாக இருக்குமே, அதன் கீழே எறும்பு எழுத்தில் மூன்றாம் பதிப்பு என்று அச்சடித்திருந்தது. போலந்துக்காரன் வாங்கியது முதல் பதிப்பாக இருக்கும். கம்பெனி நடுவில் சிப்பை மாற்றிவிட்டது. பேரையும் படத்தையும் மாற்றவில்லை.

"அதே பேர்லயா?"

"அதே பேர்லதான்."

"அப்ப அந்தாளு பொய் சொல்லலையா?"

அவள் வாக்கிடாக்கிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பெர்க்மான்ஸ் ரொம்ப நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. ஆறிப்போனது. திட்டுவதற்கு ஒருத்தன் இல்லாமல் போனது அவருக்கு என்னவோ மாதிரி இருந்தது.

"எழுதுனப்ப அது உண்மைதான்" என்று தனக்குத் தானே சொன்னார்.

ஜெனோவா தலை நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள்.

*

வியாழக்கிழமை, எந்த டாங்கிள் வாங்க என்று ஒரே ஒரு பேர் கேட்டு வந்தார்.

"பேர் வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒரு தாளை நீட்டினாள். அதில் ஒத்துப்போகிற சிப்புகளின் இருபது நம்பர்கள் இருந்தன. இந்தச் சிப்புகளின் டிரைவரை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தும்படி திறந்து வைத்திருக்கிறார்கள், அதனால் எந்த ப்ராசஸருக்கும் அதைச் செய்துகொள்ளலாம், லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்றாள்.

"இதை வச்சுக் கடையில எப்படிக் கேக்க?"

அவள் தன்னுடைய பழைய லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கு டவுனில் நடந்தது தனிக் கூத்து. வயசான மனுஷன் ஒருத்தர் லேப்டாப்பைக் கல்லாப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு டாங்கிளாகச் செருகுகிறார், தாளைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், பிடுங்குகிறார். மூன்றாவது டாங்கிளிலேயே கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏதாவது ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் பெர்க்மான்ஸ். அப்படியானால் போட்டிக் கடைக்காரர் அனுப்பினாரா என்றார். அதுவும் இல்லை. கடைக்காரர் நம்பவில்லை. பையனை விட்டு அவர் பையைச் சோதிக்கச் சொன்னார்.

பெர்க்மான்ஸுக்கு முகம் சிவந்துபோனது. பொய் சொல்லவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது?

அப்புறம் ஒன்று செய்தார். லேப்டாப்பைக் கடைக்காரர் பக்கம் திருப்பினார். தாளையும் அவர் கையில் கொடுத்தார். நீங்களே செருகிப் பாருங்கள், நம்பர் பொருந்தினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினோராவது பொருந்தியது. பேர் கேள்விப்படாத பேர், பெட்டியில் லினக்ஸ் என்ற வார்த்தையே இல்லை. கடைக்காரரே கையைத் தட்டிக்கொண்டார்.

*

சனிக்கிழமை மத்தியானம், ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெர்க்மான்ஸ் ஏணி போட்டு ஏறி டாங்கிளைச் செருகினார்.

நம்பர் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. டிவியில் பக்கத்திலிருக்கும் வைஃபைகளின் பேர் வரிசையாக வந்தது. முதல் பேர், ஊர்க் கமிட்டி.

ஜெனோவாவுக்குப் போன் போட்டார். ஓடுது டீச்சர் என்றார்.

"சந்தோஷம் அண்ணாச்சி. இப்ப என்ன கேக்குது?"

"பாஸ்வேர்டு."

"யார்கிட்ட இருக்கு?"

கமிட்டி கனெக்‌ஷன் செயலாளர் ரெமிஜியுஸ் வீட்டில்தான் இருக்கிறது. ஏலக்கூடத்துக்கு ஒட்டின வீடு. கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையை அனுப்பி வாங்கிவிடலாம் என்று முன்னாலேயே திட்டம் வைத்திருந்தார் பெர்க்மான்ஸ். அதையே அவளிடமும் சொன்னார்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னவரைக் கேட்டீங்களா, அண்ணாச்சி?"

போனை வைத்துவிட்டாள்.

பெர்க்மான்ஸ் ஏணியிலிருந்து இறங்கினார். கோயில் பக்கம் போகவில்லை.

ரெமிஜியுஸ்தான் கதவைத் திறந்தான். பாதிதான் திறந்தான். ஒரு வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறவரை மேலும் கீழும் பார்த்தான். கையில் எதுவும் வைத்திருக்கிறாரா என்றுகூடப் பார்த்தான். சண்டைக்கு வந்திருந்தால் நாளைக்குக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

பெர்க்மான்ஸ் பாஸ்வேர்டைக் கேட்கவில்லை.

"அன்னைக்குக் கஸ்பார்கிட்ட சொன்னியே" என்றார். "நீ பாத்த அறிக்கை எத்தன மணிக்குப் போட்டது?"

ரெமிஜியுஸ் கதவை முழுக்கத் திறந்துவிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றான். "காத்து இருக்குன்னு விடியக்காலம் அஞ்சு மணிக்குத்தான் மாத்திப் போட்டானுவ. பாத்ததும் கரைக்கு ஓடுனேன். அவன் மூணு மணிக்கே போயிட்டான்."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"இத ஒருத்தனாவது எங்கிட்ட கேப்பான்னு ஒரு வருசமா இருக்கேன், பெர்க்மான்ஸு."