காவல் அணுக்களும் முப்பிடாதியும்

கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

சுடலைமணி திசையன்விளை பஸ்ஸின் டிரைவர். வயிறு எப்போது முறுக்கும் என்று தெரியாமல் சீட்டில் நெளிந்துகொண்டே ஓட்டுவார். கக்கூஸுக்கு ஓடிப்போய் உட்கார்ந்தால் ரத்தம். இன்னொரு தடவை வண்டியை நடுவழியில் நிறுத்தினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலைதான் அவருக்கு உயிர்.

மனைவி முப்பிடாதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெளிக்குப் போவதையெல்லாம் பெண்டாட்டி முன்னால் பேச வெட்கம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் மெர்சி விளக்கமாகத்தான் சொன்னார்.

"கிருமி ஒண்ணும் இல்ல. ஒடம்பக் காக்கிற வெள்ளை அணுக்கள்தான் குடல்ல கூட்டமா ஏறிக்கிட்டு, சொந்தக் குடலையே எதிரின்னு அரிக்குது. அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. வலி போனாலும் அதுங்க போகாது. நிறுத்திராதீங்க."

வீடு திரும்பும்போது முப்பிடாதி கேட்டாள்: "என்ன மாத்திரைங்க?"

"எதிர்ப்பு சக்தியக் குறைக்கிறது. ஒனக்கெதுக்கு அதெல்லாம்?"

வயிறு அடங்கியது. ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. முப்பிடாதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்லா இருக்கிற மனுசனுக்கு, இருக்கிற சக்தியையும் குறைக்கவா? டப்பாவிலிருந்த மாத்திரையைக் கொட்டிவிட்டுச் சத்து மாத்திரையை நிரப்பினாள். கூடவே நிலவேம்புக் கஷாயம். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கொடுத்தாள், பாவம்.

ஒருநாள் நாங்குநேரி தாண்டியதும் பழையபடி வயிறு முறுக்கி, வண்டி நடுவழியில் நின்றது. டிரைவர் வேலை போனது.

"மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னா?" இந்தத் தடவை இருவரையும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் சத்தம் போட்டார்.

"நான் ஒரு வேளைகூட விடலியே!" என்றார் சுடலைமணி.

முப்பிடாதி அழுதுவிட்டாள். "நான்தான் மாத்துனேன். காக்கிற சக்தியக் குறைச்சா ஆளு எப்படிம்மா பிழைக்கும்?"

மூவரும் அவரவர் நினைப்பில் நல்லதைத்தான் செய்தார்கள். அப்படியானால் சுடலைமணியின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கியது யார்?

முப்பிடாதி என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அவளும் அந்த அணுக்களைப் போலக் காக்கப்போய்த்தான் கெடுத்தாள். டாக்டரும் மருந்தில் பிசகவில்லை. அணுக்களை உட்காரவைத்துப் புரியவைக்க முடியாது, அதனால் மாத்திரை. முப்பிடாதிக்குப் புரியவைத்திருக்கலாமே! பாதியைச் சொல்லி மீதியை வெட்கத்தில் விழுங்கிய சுடலைமணிதான் பிடுங்கியவர். இப்போது எல்லாம் தெரிந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் மாத்திரையை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். வயிறு அடங்கிவிட்டது. திசையன்விளை பஸ்ஸை வேறொருவர் ஓட்டுகிறார்.