திறப்பு விழாவுக்குக் காத்திருந்த சாவி

பஸ் ஸ்டாண்டு மூலையில் சண்முகக்கனி அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கவுன்சிலராகி மூன்று வருஷம் ஆகியும் கூடையை அவள் விடவில்லை. மனு கொடுக்க வருகிறவர்கள் ஒரு கட்டு கிழங்கும் வாங்கிப் போவார்கள்.

அவளிடம் அரசியல் படிக்கிறேன் என்று ஆறு மாதமாகக் கூடவே திரிகிறாள் அபிராமி. காலேஜில் கடைசி வருஷம். அன்றைக்கு வந்தவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"அக்கா, மாணவரணியில எனக்குப் பொறுப்பு தரப் போறாங்க. மாவட்டமே கூப்பிட்டுச் சொன்னாரு."

கட்சியின் மாவட்டச் செயலாளரை அங்கே எல்லோரும் மாவட்டம் என்றுதான் சொல்வார்கள்.

"சும்மாவா தாராரு?"

"இந்தக் கழிப்பறைத் திறப்பு விழாவை நான்தான் பாத்துக்கணும். கல்வெட்டுல கடைசி வரியில என் பேரும் வருது. சாவிகூட என்கிட்டதான்." கைப்பையிலிருந்து எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

கனியின் கை நின்றது. கூடைக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கழிப்பறை. பெயிண்ட் அடித்துப் பூட்டுப் போட்டு நாலு மாதம். அந்தச் சாவியைக் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள் அவள்.

"விழா எப்போ?"

"அமைச்சர் தேதி கொடுக்கணும். அடுத்த மாசம் இருக்கும். அக்கா, இனிமே நான் மேல வரணும்னா என்ன செய்யணும்?"

கனி கூடைக்குள் கையை விட்டாள். நாலு கிழங்கை உரித்து நீட்டினாள்.

"தின்னு."

கிழங்கு தொண்டையை அடைத்தது. கனி செம்பை நீட்டினாள்.

"குடி. இன்னும் குடி."

மூன்றாவது செம்பும் காலியானது. கனி விழாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மேடை எங்கே, மாலை எத்தனை, பேனரில் யார் படம் பெரிசு. அபிராமியும் வாய் ஓயாமல் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்தாள்.

"அக்கா, இங்க அவசரத்துக்கு எங்க போறது?"

"அந்தா, குட்டிச் சுவருக்குப் பின்னால. நாங்க அங்கதான் போறோம். ஒருத்தி போனா ஒருத்தி காவல் நிக்கணும்."

சுவரோரம் இரண்டு டிரைவர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விளையாடாதீங்கக்கா. உயிர் போகுது."

"போகட்டும். அமைச்சர்தான் தேதி கொடுப்பாருல்லா?" கனியின் குரல் ஏறியது. பூக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தச் செல்லத்தாய்க்கு இது எட்டாம் மாசம். பூ வித்து முடிக்குற வரைக்கும் பல்லுல தண்ணி படாம உக்காந்திருக்கா. ஏன்னு ஒரு நாளாவது கேட்டியாட்டி? என் முன்னால வந்து சாவியை ஆட்டுத!"

அபிராமிக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"திறந்தா பொறுப்பு போயிரும்க்கா."

"போயிரும்."

கனி அடுத்த கிழங்கை எடுத்தாள். 

அபிராமி ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே கால் வைக்கப் போனவளைக் கனியின் சத்தம் நிறுத்தியது.

"ஏட்டி! நீ கடைசி."

செல்லத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் ஏழு பேர் வரிசை கட்டினார்கள். அபிராமி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் நின்றாள்.

"மாவட்டம் கேட்டா நான் என்னக்கா சொல்ல?"

"விழா முடிஞ்சு போச்சுன்னு சொல்லு. கல்வெட்டுல யாரு பேரு போடணும்னு கேட்டாருன்னா, நீ—"

"ஏ அபிராமி!" உள்ளேயிருந்து செல்லத்தாய் கத்தினாள். "குழாயில தண்ணி வரல, ஓடிப்போய் மோட்டாரைப் போடு!"