மகுடன் சுவர் பூசிய கதை

மகுடன் என்ற இருவாச்சிக்குத் தன் மகன் மண்ணில் விளையாடுவதைக் கண்டாலே ஆகாது.

இருவாச்சி மலைக்காட்டுப் பறவை. வளைந்த பெரிய மஞ்சள் அலகு, அதன் மேல் கவிழ்த்து வைத்த தொன்னை மாதிரி ஒரு கொண்டை. மகுடனுக்கு அந்தக் கொண்டை மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரியது. தலைக்கனமும் அப்படித்தான்.

இந்தப் பறவைகள் குடும்பம் நடத்துகிற விதமே தனி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணைக் குழைத்து உள்ளேயிருந்தே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை பழம் பழமாகக் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே ஊட்டும்.

அதனால் குஞ்சுகளுக்குக் கொடுக்கிற விளையாட்டுச் சாமானும் இரண்டு வகை. ஆண் குஞ்சுக்கு எறிந்து பிடிக்க அத்திக்காய். பெண் குஞ்சுக்கு மண்ணுருண்டை. இதை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாற்றிக் கேட்டால் மட்டும் எல்லாருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மகுடனின் மகன் கடம்பன் மாற்றித்தான் கேட்டான். கொடுத்த அத்திக்காயை ஓரமாக உருட்டிவிட்டான். ஓடைக்கரைக்குப் போய் ஈரமண்ணைக் கொத்தி வந்து மரப்பிளவுகளை அடைத்துப் பார்த்தான். சில நேரம் மண் ஒட்டும். பல நேரம் தொப்பென்று விழும். விழுந்தால் திரும்பவும் ஓடைக்குப் பறப்பான்.

ஒரு நாள் அந்தப் பக்கம் உடும்பு ஒன்று வந்தது. பாறைமேல் வெயில் காய்ந்தபடி கடம்பனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மகுடண்ணே, உங்க வீட்டுல மகன்னு சொன்னாங்க. இங்க யாரோ மக உட்கார்ந்து மண்ணு பிசையுறாளே?"

மகுடனுக்குச் சுருக்கென்றது. "மகன்தான்" என்றான் மெதுவாக.

"மகனா? அடப்பாவமே. இன்னைக்குக் காடு முழுக்க உங்க கொண்டையைப் பத்திப் பேச்சு. நாளைக்கு இவனைப் பத்திப் பேசுவாங்க. எனக்கென்ன வந்துச்சு, உங்க மேல இருக்கிற மரியாதையில சொன்னேன்."

மரியாதை என்று காதில் விழுந்ததும் மகுடன் குளிர்ந்துபோனான். நேரே போய் மகன் அலகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் இருந்தா ஒட்டிடும்பா."

"ஒண்ணும் ஒட்ட வேண்டாம். ஆம்பளப் பிள்ளைக்கு மண்ணு எதுக்குடா? போய்ப் பழத்தை எறிஞ்சு பிடி."

மனைவி பூவாயி குறுக்கே வந்தாள். "பிடிச்சதை விளையாடிட்டுப் போறான். உங்களுக்கு என்னங்க நஷ்டம்?"

"உனக்குத் தெரியாது. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"யாருங்க அந்த நாலு பேரு?"

மகுடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சொன்னது ஒரே ஒரு உடும்பு என்று எப்படிச் சொல்வான்?

கடம்பன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அன்றோடு மண்ணை விட்டுவிட்டான். அத்திக்காயையும் நன்றாகத்தான் எறிந்து பிடித்தான். ஆனால் பொழுது போவதே தெரியாமல் விளையாடுவது நின்றுபோனது. பூவாயிக்கு அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. என்றாலும் வீட்டில் சண்டை எதற்கென்று இருந்துவிட்டாள்.

அடுத்த வருடம் பூவாயி மறுபடியும் பொந்துக்குள் போனாள். சுவர் பூசினாள், முட்டையிட்டாள், ஒரு குஞ்சும் பொரித்தது. பொந்துக்குள் இருக்கும் காலத்தில் தாய்க்கு இறகு உதிர்ந்துவிடும். பறக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. அந்த மண் சுவர்தான் அவளுக்கும் குஞ்சுக்கும் காவல்.

அந்த நேரம் பார்த்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது. மரத்தோடு தண்ணீர் வழிந்து இறங்கியது. சுவரில் பாதி ஊறிப் பெயர்ந்து கீழே விழுந்துவிட்டது.

மகுடன் பழத்தோடு வந்து பார்த்தால், உடும்பு அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பழத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அலகால் குத்தினான். உடும்பு சத்தமில்லாமல் இறங்கிப் பக்கத்துப் பாறையில் படுத்துக்கொண்டது. எங்கும் போகவில்லை. அதற்கென்ன, அவசரமா?

மகுடன் வாசலில் காவல் இருந்தான். கடம்பன் பழம் தேடப் போனான். மழை அத்தனை பழத்தையும் உதிர்த்துவிட்டிருந்தது. ஒருவன் அலைந்து கொண்டுவந்தது பூவாயிக்கே போதவில்லை. உள்ளே குஞ்சு பசியில் கத்தியது. மகுடனும் தேடப் போகலாம் என்றால், வாசலை உடும்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதா? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாசலை அடைச்சாத்தாங்க பிழைப்போம்" என்றாள் பூவாயி உள்ளேயிருந்து. "எனக்கு உள்பக்கம்தான் எட்டுது. வெளியே ஒருத்தர் அழுத்திப் பூசணும்."

யாரைக் கூப்பிடுவது? பூசத் தெரிந்த பெண்கள் எல்லாரும் அவரவர் பொந்துக்குள் அடைந்து கிடந்தார்கள். வெளியே சுற்றிக்கொண்டிருந்தவை எல்லாம் அத்திக்காய் எறிந்து வளர்ந்த ஆண்கள். பக்கத்து மரத்து வீரணன் வந்தான். ஓட்டையைப் பார்த்தான். "நமக்கு இதுல என்னப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மகுடன் மகன் பக்கம் திரும்பினான். "கடம்பா, நீ பூசுறியா?"

"பாதிதான்பா தெரியும். ஒட்டுறதுக்குள்ள நிறுத்தச் சொல்லிட்டீங்க."

கடம்பன் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். திட்டியிருந்தால்கூட மகுடனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வெட்கத்தில் தலை குனிந்தது.

"தெரிஞ்ச பாதியைச் செய்டா" என்றான்.

கடம்பன் மண் கொண்டுவந்து அப்பினான். தொப். மறுபடி அப்பினான். மறுபடியும் தொப்.

"வெறும் மண்ணு நிக்காது" என்று பூவாயி குரல் கொடுத்தாள். "பழத்தை மென்னு மண்ணோட சேர்த்துப் பிசையணும். பிசையுறது நீங்க. பூசுறது அவன்."

மகுடன் பிசைந்தான். பழக்கமே இல்லாத வேலை. அலகெல்லாம் சேறு. அந்தப் பெருமைக்குரிய கொண்டையிலும் சேறு. ஆனால் கடம்பன் அப்பிய மண் இந்தத் தடவை அப்படியே நின்றது.

பாறையிலிருந்து உடும்பு தலையைத் தூக்கியது.

"அண்ணே, என்ன இது கோலம்? வீரணன் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பானே. பொம்பள வேலை உங்களுக்கு எதுக்கு? விட்டுட்டு வாங்கண்ணே."

மகுடனின் அலகு நின்றுபோனது. அதே பழைய சுருக். வெட்கப்பட்டுக்கொண்டே உடும்பைத் திரும்பிப் பார்த்தான். அது பாறையை விட்டு இறங்கி அடிமரத்துக்கே வந்திருந்தது. வாய் கொண்டையைப் பற்றிப் பேசியது, கண் மட்டும் ஓட்டையை விட்டு அசையவில்லை. அப்போதுதான் மகுடனுக்கு மண்டையில் உறைத்தது.

"சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். நான் மண்ணைத் தொட்டா உனக்கு ஏன்டா எரியுது? போன வருஷமும் நீதானே வந்து ஓதினே. என் பிள்ளை பூசக் கத்துக்கிட்டா உன் சாப்பாடு போயிடும். அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

இனிப் பேச்சு பலிக்காது என்று உடும்புக்குத் தெரிந்துவிட்டது. விறுவிறுவென்று மரத்தில் ஏறியது. சுவர் இன்னும் முழுசாக மூடவில்லை.

"பூசுறதை விடாதே கடம்பா" என்றான் மகுடன். கடம்பன் வெளியே அழுத்த, பூவாயி உள்ளே அழுத்தினாள். மகுடன் பிசைந்து வைத்திருந்த உருண்டையை அலகில் எடுத்து விசிறி அடித்தான். எறிந்து பழகிய அலகு அல்லவா? உருண்டை நேராக உடும்பின் கண்ணில் போய் அப்பியது. உடும்பு பிடி தவறிச் சறுக்கிப் புதருக்குள் விழுந்தது.

கண்ணைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு அது மறுபடி ஏறி வருவதற்குள் வாசல் மூடியாயிற்று. மழை விட்டு அடித்த வெயிலில் சுவர் கெட்டிப்படும்வரை மகுடன் அதைக் கொத்தி விரட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் உடும்பு நகத்தால் பிராண்டிப் பார்த்தது. சுவர் அசையவில்லை. அது வேறு மரம் பார்க்கப் போய்விட்டது.

அன்று மகுடன் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டான். "நான் செஞ்சது தப்புடா" என்றான். கடம்பன் அப்பாவின் கொண்டையில் காய்ந்திருந்த மண்ணைக் கொத்தி எடுத்துவிட்டான். பிறகு இருவரும் பழம் தேடப் போனார்கள்.

குஞ்சு வளர்ந்து சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்த நாளில் வீரணன் முதல் ஆளாக வந்து நின்றான்.

"ஆணா பெண்ணா மகுடா? சொன்னா அதுக்கு ஏத்த சாமானா கொண்டுவருவேன்."

"அதை ஏன் என்கிட்ட கேக்குறே? என்ன வேணும்னு குஞ்சைக் கேளு."

வீரணன் இதுவரை எந்தக் குஞ்சையும் அப்படிக் கேட்டதில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டான். குஞ்சு அவனை மேலும் கீழும் பார்த்தது.

"இருக்கிறதை எல்லாம் கொண்டுவாங்க மாமா. விளையாடிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்று பிள்ளையின் விளையாட்டுச் சாமானைப் பிடுங்குகிறவர்கள், நாளைக்கு வீட்டைக் காக்கப் போகிற திறமையையும் சேர்த்தே பிடுங்குகிறார்கள்.