உட்காராத ஊதாச் சேலை

"முடியாது," என்றது ஊதா. "அவங்க இன்னும் உட்காரவே இல்ல."

ஓவியரின் பெட்டியில் இருந்த மற்ற பாஸ்டல் வண்ணக் கட்டிகள் எல்லாம் அதை முறைத்தன. அணைப் பூங்காவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே பாய் விரித்திருந்த குடும்பம் அநேகமாகத் தாளுக்கு வந்தாயிற்று. மல்லாந்து கிடந்த அப்பா முத்துராசைத் தொந்தியோடு மஞ்சள் வரைந்துவிட்டது. அவர்மேல் காலைப் போட்டுக் கிடந்த பிள்ளைகளைப் பச்சையும் சிவப்பும் முடித்துவிட்டன. பக்கத்தில் பார்த்தால் கிறுக்கல், தள்ளி நின்றால் ஆள்.

பாக்கி, ஊதாச் சேலை கட்டிய செல்லக்கிளி. அவள் தூக்குவாளியும் கரண்டியுமாகக் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்கு வெள்ளைதான் நாட்டாமை. கடைசியில் வந்து ரெண்டு மினுக்கு வைத்துவிட்டு மொத்தப் படத்துக்கும் பேர் வாங்கிக்கொள்கிற ஆள்.

"பாய்ல இடம் இருக்குல்ல? உட்கார வெச்சுரு," என்றது வெள்ளை. "குடும்பம் ஓய்வா இருக்கிற படம்டா இது. நடுவுல ஒருத்தி கரண்டியோட நின்னா நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்லதான். ஆனா நிக்கிறாங்களே."

"இருக்கிறதே அரை இஞ்சு, இதுல வாயப் பாரு," என்றது மஞ்சள். "தப்பாப் போனா திருத்த நீ இருக்க மாட்ட."

அது நிஜம். ஊதாவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சேலைக்கான உடம்பு.

"அம்மா, தண்ணி," என்றான் பையன்.

"கிளி, அந்த வடைய இப்படித் தள்ளு," என்றார் முத்துராசு, கண்ணைத் திறக்காமல்.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா உட்காருறேன்," என்றாள் செல்லக்கிளி.

ஊதா அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஓவியரின் விரலுக்கு ஏது சொந்தப் புத்தி, கட்டி இழுத்த பக்கம் போகும். குனிந்த முதுகு, நீண்ட கை, வாளியில் இடித்துக்கொண்ட முந்தானை. கடைசிக் கொசுவத்தில் ஊதா பொடியாக உதிர்ந்து தாளில் ஒட்டிக்கொண்டது. அச்சு அசல் அவளேதான். ஊதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓவியருக்கு வடை கொண்டுவந்த செல்லக்கிளி படத்தை எட்டிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு தன்னைப் பார்த்தாள்.

"இதுலயாவது என்னைக் கொஞ்சம் உட்கார வெச்சிருக்கலாம்," என்றாள்.

பாயில் இருந்த யாருக்கும் அது கேட்கவில்லை. ஊதாவுக்குக் கேட்டது. திருத்த உடம்பில்லை.

உட்கார வை என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தார்கள். அது வைக்கவில்லை.